மங்கிப்போன அலுமினியம்: புல்லட் கவர், ரூஃப் ரெயில், சைடு ஸ்டெப் எல்லாம் வீட்டிலேயே பளபளப்பாக்க முடியுமா?

கொட்டிவாக்கம் ரைடர்:

வணக்கம். ஆயுத பூஜை நெருங்குகிறது, அதற்குள் வீட்டில் நிற்கிற இரண்டு வண்டியையும் ஒழுங்கு பண்ணிவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன். பெயின்ட், குரோம் எல்லாம் பரவாயில்லை, அலுமினியம்தான் கண்ணை உறுத்துகிறது. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, எங்கள் பக்கம் எல்லா வண்டிக்கும் இதே கதி.

அப்பாவின் புல்லட் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின். அதன் டைமிங் கவரும் செயின் கேஸ் கவரும் மங்கி சாம்பல் நிறமாகிவிட்டன, ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி, அங்கங்கே சின்னச் சின்னக் குழி. பிரேக் லீவர், கிளட்ச் லீவர் இரண்டும் அப்படியே. அடுத்தது எஸ்யூவி. மேலே ரூஃப் ரெயிலில் தண்ணீர் ஒழுகிய தடமெல்லாம் வெள்ளைக் கறையாக நிற்கிறது, ஷாம்பு போட்டுத் தேய்த்தாலும் அசையவில்லை. சைடு ஸ்டெப் அலுமினிய செக்கர் ஷீட், அழுக்கேறி கறுத்துப்போய், போல்ட் இருக்கும் இடமெல்லாம் உப்பியிருக்கிறது. பின்கதவில் மாட்டியிருக்கும் ஸ்டெப்னி அலாய் வீலில் மேல்தோல் மஞ்சளடித்து, அதற்குள்ளே புழு ஊர்ந்த தடம் போலக் கோடு கோடாக ஓடுகிறது.

மாமா புளி போடச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் பாத்ரூம் ஆசிட் என்கிறார், வீடியோவில் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிறார்கள். எதை நம்புவது? என்ன வாங்க வேண்டும்?

மதுரை மெக்கானிக்:

பிராசோ மெட்டல் பாலிஷ் ஒரு டப்பா, பழைய பனியன் துணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவ்வளவுதான் ப்ரோ. எங்கள் கடைக்கு வருகிற பழைய புல்லட் எல்லாவற்றுக்கும் இதுதான் போடுகிறோம், முகம் தெரியும்.

பீளமேடு பஃபிங்:

மதுரைக்காரர் சொன்னது புல்லட் கவருக்குச் சரி, அதுவும் மங்கல் மட்டும் இருந்தால். அதே டப்பாவை எடுத்துக்கொண்டு ரூஃப் ரெயிலுக்கும் அலாய் வீலுக்கும் போனால் நாள் முழுக்கத் தேய்த்தும் ஒன்றும் நடக்காது, சில சமயம் இருந்ததும் கெட்டுப்போகும்.

தம்பி, எதையும் வாங்கும் முன்னால் ஒவ்வொன்றின் மேலும் என்ன தோல் இருக்கிறது என்று பாருங்கள். அலுமினியம் வண்டியில் பெரும்பாலும் மூன்று விதமாக வரும். ஒன்று வெறும் உலோகம், பஃப் அடித்துப் பளபளப்பாக்கி அப்படியே விட்டது. இரண்டு, மேலே கிளியர் லாக்கர் அடித்தது. மூன்று, அனோடைஸ் பண்ணியது, அதாவது கரன்ட் விட்டு மேலே ஆக்சைடைத் தடிமனாக வளர்த்தது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. என் பட்டறைக்குக் கெட்டு வருகிற சாமானில் பெரும்பகுதி வெயிலிலும் மழையிலும் கெட்டது இல்லை, என்ன தோல் என்று தெரியாமல் கண்டதைப் போட்டுத் தேய்த்ததில் கெட்டது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கண்டுபிடிப்பது சுலபம். வெளியே தெரியாத ஒரு மூலையில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் தொட்டு வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணி உடனே கறுத்தால் அது வெறும் உலோகம். கறுக்கவே இல்லை என்றால் மேலே ஏதோ தோல் இருக்கிறது. அப்புறம் வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் கன்டினியூட்டியில் வைத்து இரண்டு முனையையும் லேசாகத் தொடுங்கள், அழுத்தினால் ஊசி தோலைக் குத்தி உள்ளே போய்விடும். வெறும் அலுமினியம் பீப் அடிக்கும். லாக்கரும் அனோடைசும் கரன்ட் கடத்தாது, சத்தம் வராது. அந்த இரண்டில் எது என்று பார்க்கத் தின்னர் தொட்ட துணியைக் கொஞ்ச நேரம் வையுங்கள். லாக்கர் பலதும் இளகிப் பிசுபிசுக்கும், அனோடைஸ் கல்லு மாதிரி அப்படியே இருக்கும். கம்பெனியில் அடித்த லாக்கர் சிலது தின்னருக்கு மசியாது, ஆனால் கல் பட்ட இடத்தில் செதிலாக உரிந்திருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அனோடைஸ் ஒருநாளும் உரியாது.

ஒரு காந்தமும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது அலுமினியமே இல்லை, குரோம் போட்ட இரும்பு. அந்த அலுமினியத் தாள் வீடியோ குரோம் மேல் வரும் துருவுக்கானது, இங்கே அதற்கு வேலை இல்லை.

திருச்சி வேதியியல் ஆசிரியை:

இடையில் வருகிறேன், ஆசிட் என்ற சொல்லைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

அலுமினியத்தைக் காற்றில் வைத்தாலே மேலே ஆக்சைடு படலம் தானாக வந்துவிடும். சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் அதுதான் உலோகத்தின் கவசம். நீரின் பிஎச் ஏறத்தாழ 4க்கும் 8.5க்கும் நடுவில் இருக்கும்வரை கவசம் நிற்கும். அதற்குக் கீழே போனாலும் கரையும், மேலே போனாலும் கரையும். அமிலத்திலும் காரத்திலும் இரண்டிலும் கரைகிற உலோகம் இது, பித்தளையோடும் இரும்போடும் சேர்த்து நினைக்கக் கூடாது.

கழிப்பறை ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையோடு உலோகத்தையும் தின்னும், போதாக்குறைக்கு அதிலுள்ள குளோரைடு குழிகளை இன்னும் ஆழமாக்கும். கடல் காற்றும் இதைத்தான் மெதுவாகச் செய்கிறது. படலத்தில் பலவீனமான ஒரு புள்ளியைக் குளோரைடு உடைத்து உள்ளே போகும், குழிக்குள் அமிலத்தன்மை ஏறும், குழி மேலும் ஆழமாகும். வெளியே தெரிகிற வெள்ளைப் பொடி அங்கிருந்து வந்த அலுமினியம் ஹைட்ராக்சைடு.

காரம் இன்னும் மோசம். காஸ்டிக் சோடா பட்டால் ஹைட்ரஜன் வாயு நுரைத்துக்கொண்டு வரும். துணி சோடா போட்டால் அலுமினியப் பாத்திரம் கறுப்பது எல்லோர் வீட்டிலும் பார்த்ததுதான். புளி பித்தளைக்கும் செம்புக்கும் அருமையான சாமான், ஏனென்றால் அவற்றின் ஆக்சைடு அதில் எளிதாகக் கரையும். அலுமினியத்தில் லேசான கறை போகும், பளபளப்பு வராது. மாமா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து எல்லோரும் படியுங்கள். "அலாய் பிரைட்னர்" என்று பெயரில்லாத கேனில் சில இடங்களில் ஊற்றித் தருகிறார்கள். அந்த வகைச் சாமான்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருப்பதுண்டு. கையில் பட்டால் உடனே எரிச்சல்கூடத் தெரியாமல் இருக்கலாம், மணிக்கணக்கு கழித்துத்தான் வலி வரும், அதற்குள் ஃபுளோரைடு தோலைத் தாண்டி இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் விழுந்து இதயம் நின்றுபோகிற அளவுக்குப் போகக்கூடிய விஷயம் இது. என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதாத எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

கொட்டிவாக்கம் ரைடர்:

நன்றி டீச்சர், பக்கத்து வீட்டு ஆசிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பீளமேடு அண்ணா சொன்னபடி பார்த்தேன். புல்லட் கவர் இரண்டும் துணி கறுக்கிறது, பீப் அடிக்கிறது. லீவரும் அப்படியே. சைடு ஸ்டெப்பும் கறுக்கிறது. ரூஃப் ரெயிலில் துணி வெள்ளையாகவே இருக்கிறது, சத்தமும் இல்லை, தின்னருக்கு ஒன்றும் ஆகவில்லை. அலாய் வீலில் நல்ல இடத்தில் சத்தம் இல்லை, மஞ்சள் தோல் உரிந்த இடத்தில் மட்டும் பீப் வருகிறது.

பீளமேடு பஃபிங்:

அப்படியானால் கவர், லீவர், ஸ்டெப் வெறும் உலோகம். ரெயில் அனோடைஸ். வீல் லாக்கர். இனி ஒவ்வொன்றாகப் போகலாம், முதலில் கவர்.

முடிந்தால் கழற்றிச் செய்யுங்கள். எஞ்சினில் இருக்கும்போதே தேய்த்தால் எமரித் தூள் ஆயில் சீல் பக்கமும் பிரீதர் பக்கமும் போய் உட்காரும். கழற்றினால் கேஸ்கெட் புதிது வேண்டும், அதை முன்கூட்டியே புதுப்பேட்டையில் வாங்கி வைத்துக்கொண்டு கை வையுங்கள். கழற்ற மனமில்லை என்றால் மாஸ்கிங் டேப் போட்டு எல்லாச் சந்தும் மூட வேண்டும்.

முதலில் மண்ணெண்ணெய் அல்லது டீசலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விடில் நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பாருங்கள். பாதி மங்கல் வெறும் அழுக்காக இருக்கும். அப்புறம் பாலிஷ் மட்டும் போட்டு ஒரு உள்ளங்கை அளவு தேய்த்துப் பாருங்கள், அதிலேயே பளபளப்பு வந்து குழியும் கண்ணை உறுத்தாமல் இருந்தால் எமரியைத் தொடவே வேண்டாம். தேவைக்கு மேல் ஒரு நம்பர்கூடக் கீழே இறங்கக் கூடாது என்பது என் கட்சி.

குழி தெரிகிறது என்றால் வாட்டர் பேப்பர், அதாவது ஈரத்தில் தேய்க்கிற எமரி. நம்பர் குறையக் குறைய சொரசொரப்பு அதிகம். லேசான குழிக்கு 600, கொஞ்சம் ஆழம் என்றால் 400. அதற்கப்புறம் 800, 1000, 1500, 2000. தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டுத் தேயுங்கள், அலுமினியம் மெத்தென்ற உலோகம், காய்ந்த பேப்பரில் அப்பிக்கொண்டு அதுவே புதுக் கீறல் போடும். ஒரு நம்பரில் நெடுக்குவாட்டில் தேய்த்தால் அடுத்த நம்பரில் குறுக்குவாட்டில் தேய்க்க வேண்டும். இது ஏன் என்றால், முந்தைய நம்பரின் கோடு எங்கே மிச்சமிருக்கிறது என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கோடு கடைசி ஒன்றுவரை போன பிறகுதான் அடுத்த பேப்பர். ஒவ்வொரு முறை நம்பர் மாற்றும்போதும் கவரையும் கையையும் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள், பழைய தண்ணீரில் கிடக்கிற ஒரே ஒரு 400 மணல் போதும் 1500இல் செய்த வேலையைக் கெடுக்க.

தட்டையான இடத்தில் பேப்பருக்குப் பின்னால் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். ஓரங்களிலும் புடைத்த எழுத்துகளிலும் ரொம்ப மெதுவாக. எழுத்து மழுங்கிப்போன கவர் எவ்வளவு பளபளத்தாலும் பார்க்க நன்றாக இராது, அது திரும்பியும் வராது.

மதுரை மெக்கானிக்:

அண்ணா, இவ்வளவு கையால் தேய்க்கச் சொல்கிறீர்களே, டிரில்லில் காட்டன் பஃப் வீல் மாட்டினால் ஆகாதா? ஆங்கிள் கிரைண்டரும் இருக்கும் பலரிடம்.

பீளமேடு பஃபிங்:

எமரி கையால்தான். அதற்கப்புறம் டிரில்லில் பஃப் தாராளமாக மாட்டலாம், பிரவுன் சோப்புக் கட்டி (பஃபிங் காம்பவுண்ட்) முதலில், வெள்ளை அப்புறம், ஒவ்வொன்றுக்கும் தனி வீல். ஆங்கிள் கிரைண்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும், சாதாரண காட்டன் வீல் அந்த வேகத்துக்குச் செய்தது இல்லை, பிய்ந்து பறக்கும். சாமானின் விளிம்பு எப்போதும் வீல் சுற்றும் திசைக்கு விலகிப் போகிற மாதிரி பிடியுங்கள், எதிர்த்துக் காட்டினால் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். லுங்கி, துண்டு, தொளதொள சட்டைக் கை எதுவும் ஆகாது. கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.

இரும்பு ராவிய அதே மேஜையில், அதே கிரைண்டரில் அலுமினியம் வேண்டாம். அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் சேர்ந்து ஒரு பொறி பட்டால் எப்படி எரியும் என்று டீச்சர் சொல்வார்கள்.

திருச்சி வேதியியல் ஆசிரியை:

தெர்மைட் வினை. ரயில் தண்டவாளத்தை ஒட்டவைக்க இதே வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள், இரும்பே உருகி ஓடுகிற சூடு. காய்ந்த அலுமினியத் தூள் காற்றில் பரவியிருக்கும்போது ஒரு பொறி பட்டால், துரு இல்லாமலேயே வெடிக்கும். ஈரம் வைத்துத் தேயுங்கள் என்று அவர் சொன்னதில் இந்த நன்மையும் இருக்கிறது. சேருகிற தூளை அன்றன்றைக்கே துடைத்து அப்புறப்படுத்திவிடுங்கள், மூலையில் குவித்து வைக்க வேண்டாம்.

நாமக்கல் லாரிப்பட்டறை:

சைடு ஸ்டெப் என் பங்கு. லாரி பாடியில் செக்கர் ஷீட், ஆங்கிள், பீடிங் என்று தினமும் புரள்கிறோம்.

செக்கர் ஷீட்டைக் கண்ணாடி ஆக்க முயலாதீர்கள். கால் வைக்கிற இடம், புடைப்புக்கு நடுவே கை போகாது, பளபளப்பாக்கினால் மழையில் வழுக்கும் வேறு. அதற்கு அழகு ஒரே சீரான சாட்டின் மினுக்கம்தான். டீகிரீசர் அடித்து ஊறவிட்டு, கடினமான நைலான் பிரஷ்ஷால் நாலு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் ஸ்டீல் உல்லும் தொடாதீர்கள், அதன் துணுக்கு அலுமினியத்தில் புதைந்து, முதல் மழையிலேயே பழுப்புப் புள்ளியாகத் துருவேறும். காய்ந்ததும் கடையில் கிடைக்கிற மெரூன் நிற ஸ்காட்ச் பிரைட், அப்புறம் சாம்பல் நிறம், இரண்டையும் வண்டியின் நீளவாட்டில் மட்டும் இழுங்கள். வட்டம் போட்டுத் தேய்த்தால் வெயிலில் ஒவ்வொரு வட்டமும் தெரியும்.

போல்ட் உப்பியிருக்கிறது என்றீர்களே, அதைக் கவனிக்காமல் மேலே மட்டும் பளபளப்பாக்கினால் மறுபடி அதே இடத்தில் வெள்ளை பூக்கும். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் ஒட்டி, நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அது ஒரு பேட்டரி, அரிபடுவது எப்போதும் அலுமினியம். ஸ்டெயின்லெஸ் போல்ட் மாற்றினால் தீரும் என்று சொல்வார்கள், தீராது, உப்புக்காற்றில் அதுவும் அலுமினியத்தை அரிக்கத்தான் செய்யும். நடுவில் நைலான் வாஷர் போட்டு, போல்ட் தண்டில் கிரீஸோ ஆன்டி சீஸோ தடவி மாட்ட வேண்டும். தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓட வழி இருக்கிறதா என்று அடியில் குனிந்து பாருங்கள், அடைத்த மண்ணை எடுத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

இறுகிப்போன போல்ட்டை ஸ்பானரில் உடைத்துவிடாதீர்கள். முதல் நாள் இரவே பெனட்ரேட்டிங் ஆயில் அடித்து வையுங்கள். மறுநாள் ஹாட் ஏர் கன்னால் சுற்றியிருக்கும் அலுமினியத்தைச் சூடாக்கிவிட்டுத் திருகுங்கள், முதல் நாள் அடித்த ஆயில் ஈரமாக மேலே நின்றால் துடைத்துவிட்டுத்தான் சூடு. இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அலுமினியம் விரியும், பிடி விட்டுவிடும்.

ஸ்காபரோ அண்ணை:

வணக்கம் எல்லாருக்கும். நான் கனடாவில் இருக்கிறன், இங்கே கடல் இல்லை, ஆனால் பனிக்காலம் முழுக்க ரோட்டுக்கு உப்புக் கொட்டுவார்கள், அதனால் அலாய் வீல் வியாதி எல்லாம் எங்களுக்கும் நல்ல பழக்கம்.

தம்பி, அந்தப் புழு ஊர்ந்த மாதிரிக் கோடு லாக்கருக்குக் கீழே ஓடுகிற அரிப்பு. கல்லுப் பட்ட ஒரு சின்ன ஓட்டையால் உப்பும் ஈரமும் உள்ளுக்குப் போய், லாக்கரைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்துகொண்டே போகும். மேலே பாலிஷ் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. உரிந்த இடத்தை மட்டும் தேய்த்து, ஓரத்தோடு சேர்த்து லாக்கர் அடிக்கலாம் என்றும் நினைக்காதையுங்கோ, அந்த ஓரம் தெரியும், அதற்குக் கீழே அரிப்பும் மிச்சம் இருக்கும். முழு முகத்தையும் உரிக்க வேண்டும்.

பெயின்ட் ரிமூவர் தடிப்பாகத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி விட்டால் லாக்கர் சுருங்கி எழும்பும், பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து எடுங்கோ. வெளியில், காற்றோட்டத்தில் செய்யுங்கோ. மெத்திலீன் குளோரைடு உள்ள ரிமூவர் என்றால் மெல்லிய நைட்ரைல் கையுறை அதிக நேரம் தாங்காது, கதவைப் பூட்டிய கராஜுக்குள் மூச்சடைத்துச் செத்தவர்களும் இருக்கிறார்கள்.

முன்முகத்தில் லேத்தில் சீவிய நுண்ணிய வட்டக் கோடு தெரிந்தால் அது டயமண்ட் கட் வீல், அதைக் கையால் பழையபடி கொண்டுவர ஏலாது. மறுபடி சிஎன்சி லேத்தில் சீவ வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு தரம்தான் வீல் தாங்கும்.

ஒரு சின்னக் குறிப்பு: பாலிஷ் போட்ட பிறகு ஒரு கறுப்புப் பிசுக்கு மேலே நின்றுகொண்டே இருக்கும். இங்கே லொறி டாங்கி பாலிஷ் செய்கிற ஆட்கள் கோதுமை மாவு தூவித் துடைப்பார்கள், அது எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடும். நானும் அப்படித்தான் செய்கிறனான், துணியில் ஒட்டாமல் சுத்தமாக வரும்.

கொட்டிவாக்கம் ரைடர்:

ஸ்டெப்னியில் வட்டக் கோடு இல்லை அண்ணை, வெள்ளிப் பெயின்ட் அடித்து மேலே லாக்கர். அப்படியானால் உரித்துவிட்டு மறுபடி பெயின்ட்தான் என்று புரிகிறது.

இப்போது புல்லட் கவரில் ஒரு சந்தேகம். 2000 வரை போய் பாலிஷும் போட்டாகிவிட்டது, நேராகப் பார்த்தால் பளபளவென்று இருக்கிறது. மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் ஒரே திசையில் மெல்லிய கோடுகள் வரிசையாகத் தெரிகின்றன. பாலிஷை இன்னும் தேய்த்தால் போகுமா?

பீளமேடு பஃபிங்:

போகாது, அது 800 கோடோ 600 கோடோ. பாலிஷ் அதன் விளிம்பை மழுக்கி இன்னும் மினுக்கிக் காட்டும், எடுக்காது. அந்த இடத்தில் மட்டும் 1000க்குத் திரும்பிப் போங்கள், கோட்டுக்குக் குறுக்கே தேயுங்கள், டார்ச் சாய்த்து அடித்துப் பார்த்துவிட்டு 1500, 2000. இனிமேல் பாலிஷுக்கு முன்னாலேயே ஒவ்வொரு நம்பருக்கும் டார்ச் பார்த்துவிடுங்கள். வெயிலில் வண்டியை நிறுத்தினால் சூரியன் இதே சாய்வில்தான் அடிக்கும், அப்போது ஊரே பார்க்கும்.

கொட்டிவாக்கம் ரைடர்:

புரிந்தது அண்ணா. முடித்த பிறகு மேலே கிளியர் அடித்துவிடலாமா? உப்புக்காற்றில் எத்தனை தடவைதான் தேய்ப்பது.

மதுரை மெக்கானிக்:

கிளியர் அடித்துவிடுங்கள் ப்ரோ. 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கிற வகை) இரண்டு கோட்டு, வருஷக்கணக்கில் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பீளமேடு பஃபிங்:

இதில் மதுரைக்காரரோடு எனக்கு உடன்பாடு இல்லை. லாக்கர் பிடிக்க சொரசொரப்பு வேண்டும், கண்ணாடியாகப் பஃப் அடித்த அலுமினியத்தில் அது இல்லை. எஞ்சின் கவர் தினமும் சூடாகிக் குளிரும், பெட்ரோல் சொட்டும், பூட்ஸ் உரசும். ஒரு மூலையில் விட்டால் போதும், ஸ்டெப்னியில் பார்த்த அதே புழு இங்கேயும் ஊரும். அப்போது முழுவதும் உரித்துத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். வெறும் உலோகம் மங்கினால் துணியில் பாலிஷ் தொட்டு ஒரு தடவை துடைத்தால் திரும்ப வந்துவிடும். அந்தக் கவரை இத்தனை வருஷம் உங்கள் அப்பா அப்படித்தான் வைத்திருந்திருப்பார்.

2கே கிளியரில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, ஒரு தடவை அலர்ஜி பிடித்தால் வாழ்நாளுக்கும் விடாது. துணி மாஸ்க் கட்டிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே அடிக்கிற சாமான் இல்லை அது. பெயின்ட் பூத் உள்ள கடையில் கொடுத்தால் சரி.

கொட்டிவாக்கத்துக்கு என் யோசனை: நல்ல கார்னாபா வாக்ஸோ சீலன்டோ மாதம் ஒரு தடவை. சூடு ஏறாத இடங்களில் நன்றாகவே நிற்கும், எக்ஸாஸ்ட் பக்கம் சீக்கிரம் போகும், அங்கே அடிக்கடி போடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை வெறும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிவிடுவது இதையெல்லாம்விட முக்கியம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது ஆகாது, குடிதண்ணீர் ஒரு வாளி போதும்.

நாமக்கல் லாரிப்பட்டறை:

பூஜை அன்று விபூதி, குங்குமம், சந்தனம் எல்லாம் வைப்போம். மறுநாள் காலையில் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். விபூதி சாம்பல், ஈரம் பட்டால் காரம். எலுமிச்சைச் சாறு அமிலம், அது தெறித்த இடத்தையும் துடைத்துவிடுங்கள். பளபளப்பாக்கின அலுமினியத்தில் நாள்கணக்கில் விட்டால் தடம் பதிந்துவிடும். பொட்டைப் பெயின்ட் மேலேயோ கண்ணாடி மேலேயோ வைத்தால் இன்னும் நல்லது.

கொட்டிவாக்கம் ரைடர்:

இது யோசிக்கவே இல்லை, சரி. ரூஃப் ரெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பீளமேடு பஃபிங்:

கடைசிக்கு வைத்திருந்தேன், நல்ல செய்தி இல்லை என்பதால்.

அனோடைஸ் என்பது மேலே பூசியது இல்லை. சல்ஃப்யூரிக் அமிலத் தொட்டியில் கரன்ட் விட்டு, அலுமினியத்தின் ஆக்சைடையே வளர்த்து எடுப்பது. சாமானைப் பொறுத்து 5 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும், டீச்சர் சொன்ன இயற்கைப் படலத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் தடிமன். கெட்டியும் அதிகம், வெயில் மழைக்கு அருமையாகத் தாங்கும். காரத்துக்கும் கடுமையான அமிலத்துக்கும்தான் தோற்கும். வாட்டர் சர்வீஸில் எதை அடித்துக் கழுவுகிறார்கள் என்று விசாரித்தீர்களா?

கொட்டிவாக்கம் ரைடர்:

ஒரு இடத்தில் வழக்கமாக விடுவோம். அங்கே லாரிக்கு அடிக்கிற அதே நுரையைத்தான் காருக்கும் அடிப்பார்கள், வெயிலில் கொஞ்ச நேரம் காயவிட்டு அப்புறம் தண்ணீர். கறை நுரை வழிந்த தடத்தில்தான் இருக்கிறது, இப்போது பார்த்தால் தெரிகிறது.

பீளமேடு பஃபிங்:

அதுதான். காரமான நுரை வெயிலில் காய்ந்தால் அனோடைஸ் அரிபட்டு வெளுத்துப்போகும். விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்களிலேயே ஜன்னல் ஓரப் பட்டிகளில் இதே வெள்ளைத் தடம் வருவது ரொம்பப் பிரபலம்.

எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்து வழி. முதலில் வெறும் உப்புப் படிவாக இருக்கலாம் என்று நம்பி, பாதி வினிகர் பாதி தண்ணீரில் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து எடுத்துக் கழுவுங்கள். போகவில்லை என்றால் மென்மையான மெட்டல் பாலிஷ், மைக்ரோஃபைபரில், ரெயிலின் நீளவாட்டில் மட்டும், அழுத்தாமல். மேலோட்டமான கறை இதில் போகும், மிச்சத்தை சீலன்ட் கொஞ்சம் மறைக்கும். அதற்கும் போகாவிட்டால் அனோடைஸே போய்விட்டது என்று அர்த்தம், அதைத் தேய்த்துத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெறி வந்து எமரி போட்டால் அங்கங்கே தோல் போய், அங்கங்கே மிஞ்சி, முன்னைவிடக் கோரமாக நிற்கும்.

அப்போது மூன்று வழி. கழற்றி மறுபடி அனோடைஸ் பண்ணலாம். சென்னையில் அம்பத்தூர் பக்கம் செய்கிற சிறு பட்டறைகள் உண்டு, அவர்கள் பழையதைக் காஸ்டிக்கில் உரித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள், உள்ளே இரும்பு இன்சர்ட் இருந்தால் முன்னமே எடுத்துவிட வேண்டும். அல்லது 600 எமரியில் சீராக மங்கவைத்து, எட்ச் பிரைமர் அடித்து, மேலே சாட்டின் கறுப்புப் பெயின்ட். பிரைமர் இல்லாமல் அலுமினியத்தில் நேராகப் பெயின்ட் நிற்காது. அல்லது வினைல் ராப். வீட்டில் ஒருவர் செய்யக்கூடியதில் என் ஓட்டு பெயின்ட்டுக்கு, ரெயிலின் வளைவில் ராப் ஓரம் வெயிலில் எழும்பிவிடும்.

ஸ்காபரோ அண்ணை:

நானும் பெயின்ட்தான் சொல்லுவன். கறுப்பு ரெயில் பார்க்கவும் வடிவாக இருக்கும்.

கொட்டிவாக்கம் ரைடர்:

வினிகரில் கொஞ்சம் போனது, பாலிஷில் இன்னும் கொஞ்சம். டிரைவர் பக்க ரெயில் நன்றாகவே வந்துவிட்டது, மறுபக்கம் பின்பாதியில் தடம் அப்படியே. அப்பா இரண்டையும் கறுப்பு அடித்துவிடச் சொல்கிறார், பூஜை முடிந்த பிறகு நிதானமாகச் செய்யப்போகிறேன். கவர் இரண்டும் முடிந்தது, டார்ச்சுக்கும் தாங்குகிறது. ஸ்டெப்பில் இரண்டு போல்ட் சூட்டுக்கு வந்தது, மற்றவை ஆயிலிலேயே வந்துவிட்டன, நைலான் வாஷர் போட்டு மாட்டியாயிற்று.

மிச்சம் லீவர் இரண்டும். பிரேக் லீவர் ஒரு காலத்தில் வண்டி சாய்ந்து வளைந்து, யாரோ நிமிர்த்தியிருக்கிறார்கள். அங்கே ஒரு கீறல் இருக்கிறது, 400 போட்டு எடுத்துவிடவா?

பீளமேடு பஃபிங்:

வேண்டாம், நிறுத்துங்கள். வளைத்து நிமிர்த்திய வார்ப்பு அலுமினியத்தில் தெரிகிற கோடு கீறலாக இருக்காது, வெடிப்பாக இருக்கலாம். தேய்த்தால் மேலே மறைந்துவிடும், உள்ளே இருக்கும், அவசரத்தில் பிரேக் பிடிக்கிற அன்று ஒடியும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது லீவர் வாங்குங்கள். கிளட்ச் லீவர் வளையவே இல்லை என்றால் 1000இலிருந்து ஆரம்பித்துப் பளபளப்பாக்கலாம், முனைக் குண்டையும் பிவட் ஓட்டையையும் தொடாமல். மாட்டும்போது பிவட் பின்னில் கிரீஸ் வையுங்கள், கேபிள் முனை அங்கே அறுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கொட்டிவாக்கம் ரைடர்:

சரி அண்ணா, நாளை புதுப்பேட்டை போய்ப் புது பிரேக் லீவரும், அப்படியே ஒரு கிளட்ச் கேபிளும் வாங்கிவிடுகிறேன். பழைய கேபிளில் இரண்டு இழை அறுந்துதான் இருக்கிறது.